உள்ளே சொன்னது வெளியே வந்தது

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறேன். தூக்கமின்றித் தவித்த கல்லூரியில் படிக்கும் மகளை மனநல டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

அவளிடம் தனியே பேசிய டாக்டர், அவளை வெளியே அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "உங்க பொண்ணுக்குப் பொண்ணுங்க மேலதான் ஆசைம்மா. மாத்திடலாம். தூக்க மாத்திரைன்னு சொல்லி இதைக் குடுத்துடுங்க."

தூக்கிவாரிப்போட்டது. சேதியைவிட, அவளை ஏமாற்றச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"உங்கள நம்பித்தானே சொன்னா? என்கிட்ட ஏன் சொன்னீங்க?" என்று எழுந்துவிட்டேன்.

நடந்ததை மகளிடம் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லிடுவியாம்மா?" என்று அழுதாள்.

பிறகு வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். "இது நோயே இல்லீங்க. மாத்துறேன்னு வைத்தியம் பண்றதுதான் தப்பு" என்றார்.

இப்போது எந்த டாக்டரானாலும், "இவ சொல்றது உங்களோட இருக்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வீட்டுக்காரரிடம் மூச்சுவிடவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது. இதைக்கூட அவள் சரியென்ற பிறகே, பெயர் போடாமல் எழுதுகிறேன்.