துட்டிக்குப் போகாத கார்

இப்போதெல்லாம் யார் செத்தாலும் துட்டி கேட்கக் காரில்தான் போகிறேன். சாவு வீட்டுப் பந்தலுக்கு நேர் முன்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்துகிறேன். "இவனுக்கு எம்புட்டுத் திமிரு பாரு" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும்.

நானும் என் மனைவியும் பதினெட்டு வருஷம் ஒரே பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய் வந்தோம். எனக்கு நூல் மில்லில் வேலை. அவளுக்கு பேண்டேஜ் துணிக் கம்பெனியில். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருவாள். கேரளா லாரிகள் முழங்காலை உரசுகிற மாதிரி தாண்டிப் போகும்போது நான் வண்டியை ரோட்டோர மண்ணில் இறக்கிவிடுவேன். அவளோ பின்னாலிருந்து, ராத்திரிக்குத் தோசையா உப்புமாவா என்று கேட்பாள்.

மில் வாசல் டீக்கடையில் இதைப் பற்றி நான் சண்டை போடாத ஆள் இல்லை. "பைக்குன்னா சந்து பொந்துல பூந்து வந்துரலாம். காரு வச்சா நிப்பாட்ட எடம் தேடியே பாதி ஆயுசு போயிரும்" என்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். "பைக்குல இடிச்சா மொதல்ல ஒடையிறது எலும்பு, காருல இடிச்சா மொதல்ல ஒடையிறது தகரம். இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?" காரில் போகிறவனும் சாகத்தானே செய்கிறான் என்று ஒருத்தர் மடக்கினார். "சாவான். அதுக்கு லாரி வரணும். பைக்குல போறவனுக்கு நாய் குறுக்க வந்தாலே போதும்" என்றேன். என்னவோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

கடைசியில் கடனை வாங்கிக் காரை எடுத்தேன். அவளுக்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை. வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டேன். கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அவளை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டேன். "என்னங்க இது, தொட்டில்ல போட்டுக் கட்டுன மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அன்றைக்குத்தான் லாரி தாண்டிப் போகும்போது நான் ஒதுங்கவில்லை.

இருபது நாள்கூட ஆகியிருக்காது. வத்திராயிருப்பில் இருந்த அவளுடைய சித்தப்பா இறந்துபோனதாக போன் வந்தது. ரோஜா மாலை ஒன்று வாங்கி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். "வெயிலு மண்டையப் பொளக்குது. காருலயே போயிருவோமேங்க" என்றாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவிட்டேன்.

அடுத்த வீட்டில்தான் என் அக்கா இருந்தாள். வாசலில் நின்றவள் சாவியைப் பார்த்ததும் பதறிப்போய் வந்தாள். "தம்பி, புது வண்டிய துட்டி வீட்டுக்குக் கொண்டு போவாகளா? ஒரு மண்டலமாச்சும் கழியட்டும்ப்பா. பொறவு அந்த வண்டி வெளங்குமா?"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற விஷயம்தான் இது. டீக்கடையில் அவ்வளவு வாய் கிழியப் பேசினவன், அக்கா சொன்னதற்குத் தலையாட்டினேன். பழியை அக்காமேல் போடவும் முடியாது. எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. கடன் வண்டி, எதற்கு வம்பு என்றுதான் நினைத்தேன். சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். "சரி, விடுங்க. செத்த நேரத்துல போயிரலாம்" என்று என் மனைவியே பைக் பக்கம் நடந்தாள்.

வீட்டில் ஹெல்மெட் ஒன்றுதான். அதை நான் போட்டுக்கொண்டேன். அவள் ஒரு கையில் மாலைப் பை, ஒரு கை என் தோளில்.

வத்திராயிருப்புக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். வண்டி ஏறிவிடாமல் இருக்க விளிம்பில் கல் வரிசை. எதிரே பஸ் வந்தது. அதற்கு ஒதுங்க, இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நெல்லுக்குள் இறங்கினேன். முன் சக்கரம் வழுக்கியது. அவ்வளவுதான். காராக இருந்தால் நெல்லின் மேல் ஏறிப் போயிருக்கும், ஆள்கள் நாலு வசவு வைதிருப்பார்கள், நாங்கள் துட்டி கேட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியிருப்போம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் தலை அந்தக் கல்லில் பட்டிருந்தது. நெல் காவலுக்கு இருந்த பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள். "மெதுவா வரக் கூடாதாய்யா, பாவி மனுசா" என்று என்னைப் பார்த்து அழுதாள். நான் மெதுவாகத்தான் போனேன். பைக்குக்கு அது போதவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமலே கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உள்ளே இடம் போதாது என்று கொட்டகையிலேயே ஐஸ் பெட்டியை வைத்தார்கள். பாதிக் கொட்டகையில் கார், மீதியில் அவள். பூசை அன்று கட்டின சாமந்தி காய்ந்துபோய் இன்னும் முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நடிப்பு இல்லை, என் மனைவியைத் தன் தங்கை மாதிரி வைத்திருந்தவள் அவள். அழுது ஓய்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

"தம்பி, காரை அடுத்த தெருவுல நிப்பாட்டச் சொல்லுவோம்ப்பா. இன்னும் மண்டலம் கழியல. துட்டி வீட்டுல நிக்க வேண்டாம்."

நான் கத்தியிருக்க வேண்டும். கல்லை எடுத்து அந்தக் கார்க் கண்ணாடியை உடைத்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே போனேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து அக்கா கையில் கொடுத்தேன்.