கைதானவர் கொடுத்தனுப்பிய மருந்து

தொண்ணூற்றெட்டாம் வருடம், மார்கழி மாதம். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு காவல் நிலையத்தில் நான் கான்ஸ்டபிளாக இருந்தேன். வேலைக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், மலையும் மலைச்சனமும் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு வேறு.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், ஒரு தோட்டத்துக் கிணற்றடியிலிருந்த ஆயில் மோட்டார் திருடு போய்விட்டது. வீட்டார் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். கறுப்புக் கம்பளி போர்த்திய ஒரு மலைக்காரரை அந்தப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் கறுப்புக் கம்பளியோடு ஒருவர் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். வேறு எதையும் யோசிக்காமல் நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். மார்கழிக் குளிரில் மலையிலிருந்து இறங்குகிற பாதிப் பேர் கம்பளி போர்த்தித்தான் வருவார்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

"நான் இல்லீங்க சாமி. செவ்வாக்கெழம பூரா பாப்பாவோட ஆஸ்பத்திரியில இருந்தனுங்க" என்றார்.

சீட்டு எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருப்பதாகச் சொன்னார். பிடிபடுகிற எல்லோரும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் இருந்திருப்பார்கள் என்று கிண்டல் செய்தேன். அவர் மறுபடியும் அதையே சொல்ல ஆரம்பித்தபோது பிடரியில் ஓர் அடி வைத்தேன். அவர் பிடரியைப் பிடித்தபடி சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

கைதானவர்களுக்கு உள்ள உரிமைகளை எழுதிய பலகை ஒன்றை அப்போதுதான் எங்கள் ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருந்தார்கள். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், சொந்தக்காரருக்குத் தகவல் தர வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் இருக்கும். நான் அதை ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை. எங்கள் ஏட்டையா படித்திருந்தார்.

"தம்பி, அவரு ஊட்டுக்குப் போயித் தகவல் சொல்லி, ஒரு கைநாட்டு வாங்கிட்டு வா. அது இல்லாம நான் கோர்ட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

"மலைமேல குண்டனி நாட்டுல எங்கியோ ஒரு மூலைங்க ஏட்டையா. போன்கூட இல்லீங்க."

"கால் இருக்குதல்ல? பஸ்ஸு போற வரைக்கும் பஸ்ஸு, மிச்சம் நட."

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன். அப்போது பிடிபட்டவர் மெதுவாகக் கூப்பிட்டார். மடியிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு புட்டியை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க சாமி, இத மட்டும் ஊட்டுல குடுத்துருங்க. பாப்பாவுக்கு மத்தியானம் குடுக்கோணும்."

அதை வாங்கத்தான் அவர் அன்று மலையிறங்கியிருக்கிறார். வேண்டாவெறுப்பாக வாங்கி சட்டைப்பையில் போட்டேன். பஸ் வளைவுக்கு வளைவு திரும்பும்போதெல்லாம் அது நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. மலைமேல் செம்மேட்டில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தேன்.

வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார் அவர் மனைவி. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. முதலில் புட்டியை நீட்டினேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அவருக்குப் பஸ்ஸு கெடைக்கலீங்களா? நீங்களாச்சும் கொண்டாந்து குடுத்தீங்களே சாமி!"

உடனே குழந்தையை மடியில் போட்டு மருந்தைப் புகட்டினார். ஒரு வயது இருக்கும், வாடிப்போன பெண் குழந்தை. பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்து, வேகவைத்த குச்சிக்கிழங்கும் மிளகாயும் வைத்தார். நல்ல பசி. இரண்டு துண்டு தின்றேன். மூன்றாவது துண்டை எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து அதிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை சேர்த்தது, புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பியது. கீழே அப்பா என்ற இடத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. மூன்று தடவை படித்தேன்.

"நானும் வாரனுங்க" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

இறங்குகிற பஸ்ஸில் அவருக்குத் தலைசுற்றல். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். எழுபது வளைவும் அது என் மடியில்தான். என் விசில் கயிற்றைப் பிடித்துச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனது. பாதி வழியில், ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏனுங்க, அவரு சொல்லலீங்களா, ஆஸ்பத்திரியில இருந்தம்னு?"

சொல்லவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். குழந்தையின் மூச்சு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"சொன்னாருங்கம்மா. நான்தான் காதுல போட்டுக்கல."

அவர் என்னையே பார்த்தார். ஆனால் குழந்தையைத் திருப்பி வாங்கவில்லை.

ஏட்டையா சீட்டைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வார்டு நர்சம்மாவுக்குக் குழந்தையின் அப்பாவை நன்றாக நினைவிருந்தது. ஊசி குத்திய கையைக் குழந்தை ஆட்டிவிடக் கூடாதென்று, செவ்வாய்க்கிழமை முழுக்க அதைப் பிடித்தபடி நகராமல் உட்கார்ந்திருந்த ஆள் என்று சொன்னாராம். எஸ்.ஐ. வந்து எல்லாவற்றையும் விசாரித்து, வெயில் தாழ்வதற்குள் அவரை விடச் சொல்லிவிட்டார்.

நான் எல்லோர் முன்னாலும் அவர் எதிரில் போய் நின்றேன். "தப்பு எம்மேலதாங்க" என்றேன். அவர் பிடரியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பாப்பா மருந்து குடிச்சுதுங்களா?"

"குடிச்சுதுங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு, என் தோளில் கிடந்த குழந்தையை எழுப்பாமல் வாங்கிக்கொண்டார். கடைசி பஸ்ஸுக்கு மூன்று பேரையும் நானே கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். மோட்டாரைத் திருடியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

பிறகு சில வருடம் அவரை எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். முதலில் ஒதுங்கிப் போனார். அந்த அம்மாதான் ஒருநாள், நடக்க ஆரம்பித்திருந்த குழந்தையை என் பக்கம் தள்ளிவிட்டு, "போ கண்ணு, உன்னயத் தூக்கிட்டு வந்த மாமா" என்றார். பக்கத்தில் நின்ற குழந்தையின் அப்பா சிரித்த மாதிரி இருந்தது.

இப்போது நானும் ஏட்டு. யாரைக் கூட்டி வந்தாலும் உட்கார வைத்து, அவர் சொல்கிற முதல் பேச்சை அப்படியே எழுதச் சொல்கிறேன். சரிபார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அந்த அடியை அவர் மன்னித்தாரா என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.