ஆள் பிடிக்க வந்தவர்

இது நடந்த கதை. சாட்சி வேண்டுமென்றால் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் இந்தக் கடையின் முன்பக்கத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் சூசைதாசனை எட்டிப் பாருங்கள். அவன் எவ்வளவு உயரம் பாய்ந்தான் என்று வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டித்தான் இருக்கும், பாதியைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தைக் கழிக்க முடியாது, அதுதான் கரைச்சல்.

எண்பத்தெட்டில் மன்னாரிலிருந்து லண்டனுக்கு வந்து இறங்கியபோது அவனுக்குப் பதினெட்டு வயது. ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டில் இருபத்தெட்டு. கழுத்தில் சிலுவை, பாஸ்போர்ட்டில் யோகலிங்கம்.

"கேட்டால் இதையே சொல்லு. மாத்திச் சொன்னியோ, அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்" என்றிருந்தான் ஏஜென்சிக்காரன். அகதி விசாரணையிலும் சூசை அதையே சொன்னான். ஒரே பறப்பில் பத்து வயது மூத்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஊர்க்காரர் கஸ்பர் அண்ணை வீட்டில் ஓர் அறை, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, பார்க்கில் அவுஸ்திரேலியர் கொஞ்சப்பேர் தங்கள் நாட்டு ஃபுட்போல் ஆடி, முட்டை மாதிரி ஒரு பந்துக்காக ஆளின் தோளில் ஆள் ஏறிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். பந்து இவன் பக்கம் வந்தது. கோயில் வளவில் வொலிபோல் அடித்த கால், எழும்பினான். ரோட்டால் போன டபுள் டெக்கரின் மேல்தட்டில் இருந்தவர்கள் யன்னலால் கை காட்டினார்களாம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் 'யோகி' அவர்களுடைய ஆள். கிழமையில் அவன் சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் ஓடி வந்தான்.

"அண்ணை, மெல்பேர்னிலை இருந்து ஆள் பிடிக்க வருகினமாம்!"

கஸ்பர் கோப்பையை வைத்தார். "எடேய், ஓடடா!"

"ஐயோ, அந்தப் பிடி இல்லை அண்ணை. பெரிய கிளப். சம்பளம் தந்து விளையாட விடுவினமாம்."

"ஊரிலை சண்டைக்கு ஆள் பிடிக்க வந்தால் வேலி பாஞ்சு ஓடினனீ. இஞ்சை பிடிபடப் பாயிறாய்!"

அயர்லாந்தில் பெடியங்களைப் பார்த்துவிட்டுப் போகிற வழியில் லண்டனிலும் இறங்கியவர் அந்த ஆள் பிடிக்க வந்த மனுசன். சூசை அன்றைக்கு மேகத்தில் தலை முட்டப் பாய்ந்தான். மனுசன் மைதானத்துக்குள்ளேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு போக விருப்பம், விசாவைக் கிளப் பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு வயதைக் கேட்டார்.

இருபத்தொன்று என்ற சொல் சூசையின் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் மெல்பேர்ன். ஆனால் விசாவுக்கு எழுதும்போது யோகலிங்கத்தின் வயது வெளியே வரும். அகதி கேஸ் இன்னும் முடியவில்லை. பொய் பிடிபட்டால் கொழும்புதான்.

முப்பத்தொன்று என்றான்.

பிடித்த கை மெல்ல விட்டது. "பத்து வருசம் முந்தி நீ எங்கே இருந்தாய்?" என்று கவலையோடு கேட்டுவிட்டு, அந்த மனுசன் அடுத்த பெடியனிடம் போனார்.

அதற்கடுத்த ஞாயிறும் சூசை போனான். பந்து தலைக்கு மேலால் போனது. கை எழும்பவில்லை. பிறகு அவன் போகவேயில்லை. பின்னாளில் லண்டனில் இருக்க விசாவும் கிடைத்தது, யோகலிங்கத்துக்கு. இப்போது அவனைவிட மூத்தவர்களும் அவனை அண்ணை என்கிறார்கள். அவன் திருத்துவதில்லை.

கதை இவ்வளவில் வந்தபோது, கடையின் பின்பக்கத்தில் எங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கஸ்பரின் மனைவி மெற்றில்டா கோப்பையை டக்கென்று வைத்தாள்.

"வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம்!"

"சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பி, கொழும்பிலை மறியல்லை போட்டிருப்பாங்கள்!" என்றார் கஸ்பர்.

"அவனுக்கு அந்த ஏஜென்சிக்காரனைப் பிடிச்சுக் குடுத்ததே நீங்கள்தானேப்பா?"

கஸ்பர் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. "அவனை அங்கை விட்டிருந்தால் ஆள் பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்களடி!"

"ஒரு பத்தொன்பது வயசு பாஸ்போர்ட் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

"அது என்ன சந்தைக் கத்தரிக்காயே, தெரிஞ்செடுக்க!"

"கத்தாதையுங்கோ, அவனுக்குக் கேக்கப்போகுது!"

"ஆர் இப்ப கத்துறது? நானோ நீயோ?"

முன்பக்கத்தில் மூட்டை விழும் சத்தம் நின்றுபோயிருந்தது.