மேட்டுத் திருப்பத்தில் எரியும் விளக்கு

பள்ளிப் பிள்ளைகள் அவளை வேனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தாறு வயதில் இன்னும் அக்காவாக இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பார்வை மங்கிப் புருஷன் ஸ்டியரிங்கை விட்டபோது, "இவளா ஓட்டப்போறா?" என்று சிரித்த சொந்தக்காரர்களின் வாயை அடைத்து ஏழு வருடம் ஆகிறது. வேனுக்கு வயது பதினெட்டு.

ஒரு மாதமாக அவளுக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருந்தது. காரணம் ஒரு சிவப்பு விளக்கு. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்தால் எரிய வேண்டிய விளக்கு. காலையில் எரியாது. மாலையில் பிள்ளைகளோடு மேட்டுத் திருப்பத்தில் வளைத்தால் எரியும். சமதரைக்கு வந்ததும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அணைந்துவிடும். எரிந்தால் அவள் ஓரங்கட்டி, இன்ஜினை ஆறவிட்டுத்தான் எடுப்பாள். உள்ளே பத்தொன்பது பிள்ளைகள் இருக்கிறார்களே! தாமதம், பெற்றோரின் புகார், கடைசியில் பள்ளி மேலாளரின் அழைப்பு. "இன்னொரு தடவை வழியில நிறுத்தினா, இந்த ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்மா."

விடுமுறை நாட்களில் மூன்று முறை மெக்கானிக்கிடம் விட்டாள். கூலன்ட் டப்பாவைத் திறந்தால் கோட்டளவுக்கு நிரம்பியிருக்கும். வீட்டிலும் காலையில் அவள் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான். பழுத்து மஞ்சளாகிப்போன டப்பா, வெளியிலிருந்து அளவு தெரியாது. சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் மாலையில் யாரும் திறப்பதில்லை.

"தண்ணி குறையவே இல்லக்கா. சென்சார் கோளாறு" என்று மெக்கானிக் சென்சாரை மாற்றினான். விளக்கு மறுபடி எரிந்தது. மூன்றாம் முறை ஒரு துண்டு கறுப்பு டேப்பை நீட்டினான். "விளக்கு மேல ஒட்டிட்டு நிம்மதியா ஓட்டுங்க. நீங்க சும்மா பயப்படுறீங்க."

"உன் பிள்ளை உள்ள உக்காந்திருந்தா ஒட்டுவியாடா?"

அவன் வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வீட்டில் புருஷனோ, "பழைய வண்டின்னா அப்படித்தான், விடு" என்று முடித்துவிட்டார். ஆளாளுக்கு அவளைக் கிறுக்கியாக்கினார்கள்.

பிறகு ஒரு நாள் காலை, மூடியைத் திறந்தவள் திகைத்தாள். சென்சார் மாற்றியபோது மெக்கானிக் ஊற்றியது பளிச்சென்ற ரோஸ் நிறக் கூலன்ட். இப்போது டப்பாவில் இருந்தது சட்டை அலசிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நேரே பட்டறைக்குப் போய், நாலு பேர் பார்க்க அவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "நான் இல்லக்கா. யாரோ வெறும் தண்ணிய ஊத்தியிருக்காங்க."

மறுநாள் விடிவதற்குள் எழுந்து, வேனுக்குள் ஓசைப்படாமல் உட்கார்ந்திருந்தாள். பானெட் திறந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால், புருஷன் விரலால் டப்பாவின் வாயைத் தடவிப் பார்த்துப் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இது?"

"வண்டி வாங்கினதுலேருந்து காலையில பாத்து ஊத்துறதுதானே. இப்ப கொஞ்சம் அதிகமா குடிக்குது. ஒரு லிட்டர் இருக்கும்."

ஒரு லிட்டர்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "விளக்கு எரியுதுன்னு ஒரு மாசமா கத்துறேனே, வாயைத் தொறந்து சொன்னா என்ன?"

"சொன்னா நீ வண்டிய வித்துடுவே. அப்புறம் காலையில எந்திரிச்சு நான் என்ன பண்றது?"

ஒரு நொடி அவர்மேல் பரிதாபம் வந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "அதுக்குப் பிள்ளைங்க உசிரோடவா விளையாடுவீங்க?"

அவள் அங்கேயே மேலாளருக்குப் போன் போட்டாள். "சார், காலையில வண்டி வராது. பிள்ளைங்கள இதுல ஏத்த மாட்டேன். ரூட்ட யாருக்கு வேணும்னாலும் குடுங்க." மேலாளர் திட்டிவிட்டு, சாயங்காலத்துக்குள் சரிசெய்து வந்தால் பார்க்கலாம் என்றார்.

பட்டறையில் புருஷனையே பேசவிட்டாள். "தினம் ஒரு லிட்டர் குறையுதுப்பா" என்றார் அவர். மெக்கானிக் உடனே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி அடியில் நுழைந்தான். வாட்டர் பம்ப் கசிந்தது. ஒழுகும் தண்ணீர் இன்ஜின் சூட்டிலேயே காய்ந்துவிடுவதால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. சாயங்காலத்துக்குள் டப்பாவில் குறைந்துபோன தண்ணீர், மேட்டில் வண்டி சாய்ந்ததும் ஒருபக்கம் ஒதுங்கி விளக்கை எரியவிட்டிருக்கிறது.

"அண்ணன் சொன்னதாலதான் பிடிபட்டுது. இல்லேன்னா மேட்டுலயே இன்ஜின் போயிருக்கும்" என்றான், பம்ப்பை மாற்றி முடித்ததும். சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தான்.

"அப்ப நான் ஒரு மாசமா பாட்டா பாடிட்டிருந்தேன்?" என்று அவள் கேட்டதற்கு இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாவியைப் புருஷன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

வேனில் ஏறிய பிறகும் அவளுக்கு ஆறவில்லை. பக்கத்து சீட்டில் அவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கும் நீங்கதான் பாக்கணும்" என்றாள். "ஒரு சொட்டு குறைஞ்சிருந்தாலும் என்னை எழுப்பிச் சொல்லணும். சொல்லாம மட்டும் ஊத்துங்க, அன்னைக்கே வண்டிய வித்துடுவேன்."

அவர் வேகமாகத் தலையாட்டினார். பள்ளி விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் வண்டியை எடுத்தாள்.