மாப்பிள்ளை கையில் பேச்சியம்மாள்

போன ஞாயிறு என் மச்சினன் முத்துப்பாண்டிக்கு நிச்சயதார்த்தம். கோச்சடையிலிருந்து வேன் பிடித்து, கொட்டாம்பட்டியில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போனோம். பாதி வழியில் பயல் சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கைக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு டாட்டூ — பேச்சியம்மாள்! பக்கத்தில் ரெண்டு இதயம் வேறு.

“பொண்ணு பேரு, மச்சான். சர்ப்ரைஸ்!”

நமக்கு ஒரு வார்த்தை சிக்கினால் போதாதா? ஆரம்பித்துவிட்டேன். டாட்டூ இங்கிலீஷ்காரனின் சொந்தச் சரக்கே இல்லை. பசிபிக் தீவுக்காரர்கள் ‘டட்டாவ்’ என்றார்கள்; கப்பலில் போனவர்கள் அதையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்னொரு டாட்டூவும் உண்டு. பொழுது சாய்ந்தால் சிப்பாய்களைக் கூடாரத்துக்குத் திரும்பச் சொல்லும் முரசு. இதற்கும் அதற்கும் சொந்தபந்தம் கிடையாது. அது டச்சுக்காரன் வார்த்தை. குழாயை மூடு என்று அர்த்தம். அதாவது, சாராயப் பீப்பாய்க் குழாயை மூடு, குடித்தது போதும்...

“மொதல்ல நீங்க மூடுங்க” என்றாள் என் மனைவி.

பெண்ணின் அம்மா காபி கொண்டுவந்தார். நம்மாள் கையை நீட்டினான். அந்தம்மா டாட்டூவைப் பார்த்தார். டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தார்.

“ஆத்தீ... எங்க அத்தை!”

சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். விஷயம் இதுதான். பெண்ணுக்கு வைத்தது அப்பாவைப் பெற்ற பாட்டியின் பேர். அந்த மாமியார் காலமாகி வருஷக்கணக்கானாலும், பேரைக் கேட்டாலே அந்தம்மாவுக்கு இன்னும் பதற்றம்தான். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லலாமா? பெற்ற தாயின் பேரைச் சொல்லி மகளை அதட்ட அப்பாவுக்குத்தான் மனசு வருமா? அதனால் வீட்டில் அவள் வெறும் ‘பாப்பா’. பேச்சியம்மாள் இருப்பது ஜாதகத்திலும் பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் மட்டும். முத்துப்பாண்டி ஜாதகத்தைப் பார்த்துக் குத்திவிட்டான்!

“இந்தக் கைக்கு எதுக்க நான் எப்புடி உக்காருவேன்? எப்புடிச் சோறு போடுவேன்?” என்று புலம்பினார் அந்தம்மா. பெண்ணின் சித்தப்பா தொண்டையைச் செருமினார். “தட்டு மாத்துறதை வேணா தள்ளி வச்சுக்குவமா?”

முத்துப்பாண்டிக்கு வேர்த்து ஊற்றியது. ஆசை ஆசையாகக் குத்திய ஊசி கல்யாணத்தையே குத்திவிடுமோ?

அப்போது உள்ளேயிருந்து கல்யாணப் பெண்ணே வந்துவிட்டாள். டாட்டூவைப் பார்த்தாள். குபீரென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு.

“பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்குறப்பத் தவிர என் பேரை யாரும் சொன்னதில்ல. இவருதான் கையிலயே எழுதி வச்சிருக்காரு. இதுக்குப் போயி இம்புட்டுக் களேபரமா? தட்டை மாத்துங்க!”

சித்தப்பாவே தட்டை எடுத்து நீட்டினார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே அடுப்படிக்குப் போனார். தட்டு மாறியது. அப்பாடா!

அடுத்த நிமிஷமே பெண் கேட்டாள்: “எங்க, வாயாலயும் ஒருதடவை கூப்பிடுங்களேன்.”

சந்தோஷத்தில் பயல் வீடே அதிரக் கூப்பிட்டான். “பேச்சியம்மா!”

பெண் வெட்கத்தில் ‘ம்’ சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அவள் அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். “இந்தா வாரேன், அத்தை!”

அழியாத தழும்புக்கு ஊசி வேண்டும் என்று எவன் சொன்னான்?