புறப்பட்டது பதினொன்று, சேர்ந்தது பத்தேகால்

பாலத்தின் நடுவில் நின்று, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, எர்லிந்தா அக்கா நோட்டைத் திறக்கிறார். காற்று தாளைப் புரட்டப் பார்க்கிறது, முழங்கையால் அமுக்கிக்கொள்கிறார். கைபேசியில் மணி பார்த்து எழுதுகிறார். பின்னால் வரும் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். தோர்னியோவில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பின்லாந்து, அந்தப் பக்கம் ஸ்வீடன். அக்கா சமையலில் உப்புக்குப் பதிலாக ஊற்றும் மீன் சாறும், அவருக்குப் பிடித்த அரிசியும் அந்தக் கரையில் ஒரு தாய்லாந்துக்காரி கடையில்தான் கிடைக்கும்.

நோட்டில் நான்கு பத்திகள்: புறப்பட்டது, சேர்ந்தது, திரும்பியது, காரணம். காரணப் பத்தியைப் படித்தால் அக்கா வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்று தெரிந்துவிடும். 'மீன் சாறு.' 'அரிசி.' 'மறுபடி மீன் சாறு, போன பாட்டில் பாலத்தில் உடைந்தது.' ஓரிடத்தில் 'சும்மா' என்று எழுதி, பிறகு பயந்து அடித்துவிட்டு, 'வெங்காயத்தாள்' என்று மாற்றியிருக்கிறார். ஐந்து வருடத்தில் அறுநூற்றுப் பதினோரு பயணம்.

பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கம் சொந்த ஊர். வளைகுடாவில் வீட்டுவேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு காகிதம் குறைந்ததற்காக ஒன்பது மாதம் ஊர் திரும்ப முடியாமல் கிடந்தவர். அதிலிருந்து பேருந்துச் சீட்டைக்கூடக் கிழித்துப் போடுவதில்லை. இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறார். தலைமைச் சமையல்காரர் தௌனோ பார்க்காத நேரத்தில் சூப்பில் பூண்டு தட்டிப்போடுகிறார். எதையும் விரலால் காட்ட மாட்டார். உதட்டைக் குவித்து நீட்டுவார். அந்தத் திசையில் உப்பு இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முத்தம் கேட்கிறாரோ என்று திகைத்துப்போவார்கள்.

இல்லம் மார்ச்சோடு மூடுகிறது. அக்காவின் விசா அந்தச் சமையலறையோடு முடிச்சுப் போட்டது. வேலை போனால் இந்த ஊரும் போகும். அதற்குள் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வக்கீல் வைப்பதா, வேண்டாமா? மருந்துக்கடைக்காரியிடம் கேட்டார். பேருந்து ஓட்டுநரிடம் கேட்டார். அதே சமையலறையில் வேலை பார்க்கும், என் சொந்த விண்ணப்பத்தையே இன்னும் அனுப்பாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் என்னிடம் மூன்று முறை கேட்டார்.

"வக்கீல் எதுக்கு?" என்றார் தௌனோ. "படிவம் கேட்டதைச் சொல்லு. கேக்காததைச் சொல்லாதே."

"உனக்கென்னப்பா, இந்த ஊர்லயே பொறந்து தொலைச்சவன். என்னிக்காவது ஒரு படிவத்துக்குப் பயந்திருக்கியா?" என்றார் அக்கா.

தௌனோ காப்பியை முழுசாகக் குடித்து முடித்தார். "கல்யாணப் பதிவுக்கு" என்றார்.

சிக்கல் இதுதான்: வெளிநாட்டுப் பயணங்களை எழுதச் சொல்லிப் படிவத்தில் இருந்தவை ஆறே வரிகள். மீதி அறுநூற்றைந்தை எங்கே வைப்பது? அக்கா இரண்டு இரவு தூங்கவில்லை. கடைசியில் பக்கத்து ஊரான கெமியில் இருக்கும் ஹன்னெலே என்ற வக்கீலம்மாவிடம் போனோம். முதல் அரைமணி இலவசம். நான் துணைக்கு, அக்கா கையில் நோட்டும், டப்பா நிறையப் பொரித்த இறைச்சிச் சுருள்களும்.

வக்கீலம்மா நோட்டைப் புரட்டினார். அரைமணியில் கால்மணி மீன் சாற்றுக்கே போயிற்று. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எர்லிந்தா, இங்க பாருங்க. பதினொண்ணுக்குப் புறப்பட்டிருக்கீங்க. பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கீங்க. எல்லாப் பயணமும் இப்படித்தான். புறப்படறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்றீங்க."

"அந்தக் கரையில கைபேசி அப்படித்தான் காட்டுது. நான் ஒண்ணும் பொய் எழுதலை."

"பொய்னு சொல்லலை. அங்கே ஒரு மணி நேரம் பின்னால. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். தலைநகர்ல உக்காந்திருக்கிற அதிகாரி நெத்தியைச் சுருக்குவாரு."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப போச்சா?"

"ஒண்ணும் போகலை. அன்னிக்கே திரும்பினா வெளியில இருந்த நாள் கணக்குல அது வராது. 'கடைக்காக அடிக்கடி எல்லை தாண்டுவேன், அன்றே திரும்பிவிடுவேன்.' இதை ஒரு வரியில எழுதுங்க. ஊருக்குப் போன ரெண்டு தடவையைத் தனியா எழுதுங்க. மத்த காகிதமெல்லாம் சுத்தமா இருக்கு. உங்களுக்கு வக்கீலே வேண்டாம்."

"அஞ்சு வருஷம் எழுதினேனே" என்றார் அக்கா, நோட்டைத் தடவிக்கொண்டு.

"பத்திரமா வீட்ல வெச்சுக்குங்க. தயவுசெஞ்சு அனுப்பிடாதீங்க" என்ற வக்கீலம்மா, டப்பாவிலிருந்து மூன்றாவது சுருளை எடுத்தார்.

திரும்பும் பேருந்தில் அக்கா நோட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "காசு வேண்டாங்கிற வக்கீலை நம்பலாமா தம்பி?"

"நம்பலாம்க்கா."

"அப்ப அந்தம்மாவையே வெச்சுக்கலாமே."

"அவங்கதான் வக்கீலே வேண்டாங்கிறாங்களே."

"அதனாலதான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை நூலகத்துக் கணினியில் உட்கார்ந்தோம். வேலை முடிந்து, மேலங்கியில் வெங்காய வாடையோடு தௌனோவும் வந்து பின்னால் நின்றார். அக்கா ஒவ்வொரு கட்டத்தையும் நான்கு முறை படித்தார். கடைசியில் 'அனுப்பு' என்ற பச்சைப் பொத்தான் மட்டும் மிச்சம். இரண்டு கைகளையும் மடியில் ஒளித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து அதன் பக்கம் நீட்டினார்.

"நீயே அமுக்கு" என்றார் தௌனோ. "கேக்கிறது உன்னைத்தான்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா, அந்தக் கெமி வக்கீலம்மா இருக்காங்க. அப்பவும் நான் கூட வர்றேன். இனி எந்தச் சமையலறைக்குப் போனாலும், எனக்குத் தெரியாம சூப்புல பூண்டு போடறதுக்கு வேற ஆளை நான் எங்க தேடுவேன்?"

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். திரையில் 'விண்ணப்பம் கிடைத்தது' என்று ஒரு வரி வந்தது.

அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தார். மணி பார்த்தார். புறப்பட்டது, சேர்ந்தது, திரும்பியது என்ற மூன்று பத்திகளையும் தாண்டி, தாளின் ஓரத்தில் 3.40 என்று எழுதினார். பேனாவை மூடப்போனவர், மறுபடி குனிந்து, 'பின்லாந்து மணி' என்று பக்கத்தில் சேர்த்து, அதன் அடியில் இரண்டு கோடு போட்டார்.