ஆசிரியைக்கு ஒரு நாற்காலி

கண்டக்டரம்மாவின் முழங்கால்கள் மக்கர் பண்ண ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கொடுப்பவருக்கு வேறென்ன மிஞ்சும்? அதே கம்பெனியின் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு தேர்வு உண்டு. இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டார். இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை நின்றே தீர வேண்டியதுதான்.

காலை வாரியது ஒரே பகுதி. ‘வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர். டாக்டரின் அண்ணன் தையற்காரருக்கு எதிரில்’ என்று சுற்றி வளைத்துக்கொண்டே போகும். யாருக்கு என்ன தொழில், யார் யாருக்கு உறவு, யார் பக்கத்தில் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். முகம் தெரியாதவர்களை மனதில் நிறுத்த அவருக்கு வராது. அதனால் சொந்தக்காரர்களையே பிடித்து உட்கார வைத்தார். டாக்டர் என்றால் பல் டாக்டரான கொழுந்தன். ஆசிரியை என்றால் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற மாமியார். தையற்காரர் என்றால் மாமியாரின் தம்பி. யோசனை என்னவோ அருமைதான், விடைதான் அடிக்கடி தப்பாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மனைவி போட்டிருந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பிளம்பர், எங்கே ஒழுகுகிறது என்று தேடிப் பழகிய கண்.

“ஏம்மா, எல்லாத்துலயும் அம்மாவையும் மாமாவையும் தள்ளித் தள்ளியே வச்சிருக்கியே, ஏன்?”

“அவங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கிறதே இல்லையேங்க!”

அக்கா ஆசையாக வாங்கிக் கொடுத்த தையல் மெஷினைத் தம்பி ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். அன்றோடு நின்றது பேச்சு.

“கேள்வியில இல்லாத சண்டையை நீயா எதுக்கு இழுத்துட்டு வர்ற?”

கண்டக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தேர்வில் கடைசிக் கேள்வி அதே வட்ட மேசை. ஐந்து பேரை உட்கார வைத்தாயிற்று. ஆசிரியைக்கு மிச்சம் ஒரே நாற்காலி, தையற்காரரின் இடப்பக்கம். பேனா தயங்கியது. ‘மன்னிச்சுக்குங்க அத்தை’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு உட்கார வைத்தார்.

தேர்வு பாஸ். உட்காரும் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் சந்தோஷம் தாங்கவில்லை. மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தத் தடவை மட்டும் எப்படிம்மா?” என்று கேட்டார்.

மகிழ்ச்சியில் கண்டக்டரம்மாவின் வாய் முந்திக்கொண்டது. “உங்களையும் உங்க தம்பியையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சேன் அத்தை. அதான் பாஸாயிட்டேன்.”

கணவர் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். மாமியார் பிடித்த கையை விடவில்லை.

“எந்தப் பக்கம் வச்ச?”

“அவருக்கு இடது பக்கம் அத்தை.”

“அந்தக் காது அவனுக்குச் சரியா கேக்காதே” என்றார் மாமியார். “போன் போட்டு வரச் சொல்லு. நான் வலது பக்கம் உக்காந்துக்கறேன்.”